சிபியு ஃப்ரீக்வென்சி ட்ரைவருக்கு வரும் பேட்ச்சை எப்படி ரிவ்யூ செய்வது

லினக்ஸ் கர்னலில் ப்ராசஸரின் வேகத்தை ஏற்றி இறக்கும் பகுதிக்கு சிபியுஃப்ரீக் என்று பெயர். அதன் ட்ரைவர்கள் பலவும் சில நூறு வரிகளுக்குள் அடங்கிவிடும், அதனாலேயே அங்கே வரும் பேட்ச்சை (நிரலில் செய்யக் கோரும் மாற்றத்தை) மேலோட்டமாகப் பார்த்துவிட்டு "சரியாத்தான் இருக்கு" என்று போய்விடத் தோன்றும். ஆனால் ப்ராசஸர் எந்த வேகத்தில் ஓட வேண்டும், அந்த வேகத்துக்கு எவ்வளவு வோல்டேஜ் போக வேண்டும் என்பது அந்தச் சில நூறு வரிகளின் கையில்தான் இருக்கிறது. இங்கே தப்பு நடந்தால் கம்பைலர் கத்தாது, மெஷினும் ஒழுங்காக பூட் ஆகும். மாதக்கணக்கில் எல்லாம் நன்றாகவே ஓடிவிட்டு, யாரோ ஒருவருடைய போர்டு மட்டும் லோடு ஏறும்போது தொங்கும், அதற்குக் காரணம் இந்தப் பேட்ச்தான் என்று கண்டுபிடிக்க அவர் படாத பாடு படுவார். அதைத் தடுக்க நமக்குக் கிடைக்கும் நல்ல சந்தர்ப்பம் ரிவ்யூதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சி மொழி தெரிந்த யாரும் டிஃப்பை, அதாவது மாறிய வரிகளின் பட்டியலை, வரி வரியாகப் படித்துவிடலாம், அது மட்டும் போதாது. மாறியிருக்கும் ஃபங்ஷனை யார் கூப்பிடுகிறார்கள், எந்த லாக்கைப் (ஒரே நேரத்தில் இருவர் தொடாமல் காக்கும் தடுப்பை) பிடித்துக்கொண்டு கூப்பிடுகிறார்கள், எந்த அலகில் எண்ணைத் தருகிறார்கள், பாதியில் தோற்றால் எதை எதிர்பார்க்கிறார்கள் என்ற நான்கும் டிஃப்புக்குள் இருக்காது. எல்லா ட்ரைவர்களுக்கும் பொதுவான சிபியுஃப்ரீக் கோர் ஃபைலில்தான் இருக்கும். அதைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டுதான் பேட்ச்சைத் தொட வேண்டும்.

டிஃப்பைத் திறக்கும் முன்

எந்த வகை ட்ரைவர் என்று பாருங்கள். சிபியுஃப்ரீக் ட்ரைவர்களைப் பெரும்பாலும் இரண்டு சாதியாகப் பிரிக்கலாம். ஒரு வகையில் வேகத்தை முடிவு செய்வது கவர்னர் என்னும் கர்னல் பகுதி. ஸ்கெட்யுடில், ஆன்டிமாண்ட், கன்சர்வேட்டிவ் போன்ற கவர்னர்கள் "இந்த வேகம் வேண்டும்" என்று கேட்கும், ட்ரைவர் தன் டார்கெட் இன்டெக்ஸ் அல்லது டார்கெட் கால்பேக்கில் (கர்னல் கூப்பிடுவதற்காக ட்ரைவர் தரும் ஃபங்ஷனில்) அதைச் செய்து கொடுக்கும். இன்னொரு வகையில் செட்பாலிசி கால்பேக் மட்டும் இருக்கும். கீழ் எல்லை, மேல் எல்லை, கொள்கை ஆகியவற்றை மட்டும் வாங்கிக்கொண்டு நடுவில் எந்த வேகம் என்பதை ட்ரைவரோ ஹார்டுவேரோ தானே பார்த்துக்கொள்ளும். இன்டெல் ப்ராசஸர்களுக்கான பிஸ்டேட் ட்ரைவர் ஆக்டிவ் மோடில் இந்த இரண்டாவது வகை, பாசிவ் மோடில் முதல் வகை. அந்த ஆக்டிவ் மோடில் காணும் "பவர்சேவ்" என்ற பெயரும், மற்ற ட்ரைவர்களில் எப்போதும் அடிமட்ட வேகத்திலேயே நிறுத்தும் பவர்சேவ் கவர்னரும் ஒன்றல்ல. இதைக் குழப்பிக்கொண்டு எழுதப்பட்ட பேட்ச் விளக்கத்தைப் பார்த்தால் அங்கேயே நிறுத்திக் கேள்வி கேளுங்கள்.

அப்புறம் அந்த ஃபைலின் கிட் லாக், அதாவது அதில் நடந்த மாற்றங்களின் வரலாறு. மாற்றப்படும் வரியை முன்பு யாராவது வேண்டுமென்றே அப்படி எழுதியிருக்கிறார்களா என்று கிட் ப்ளேமில் (ஒவ்வொரு வரியையும் யார், எப்போது மாற்றினார் என்று காட்டும் கட்டளையில்) தேடுங்கள். "தேவையில்லாத செக், நீக்குகிறேன்" என்று வரும் கிளீனப் பேட்ச்களில் நிறைய இங்கேயே பிடிபடும், ஏனென்றால் அந்தச் செக்கைச் சேர்த்த கமிட்டில் (பதிவான மாற்றத்தில்) எந்த போர்டில் என்ன உடைந்தது என்ற கதை இருக்கும்.

பேட்ச்சை பி4 கருவியால் இழுத்து, மெயின்டெயினரின் (அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவரின்) மரத்தில், அதாவது அவர் வைத்திருக்கும் நிரல் தொகுப்பில், பொருத்திப் பார்ப்பது நல்லது. பவர் மேனேஜ்மென்ட் மரம் ரஃபால் விசோட்ஸ்கியிடம் இருக்கிறது, ஆர்ம் பக்கத்து ட்ரைவர்களை வீரேஷ் குமார் பார்த்துக்கொள்கிறார். பழைய மரத்தில் வைத்துப் படித்தால் கோரில் ஏற்கெனவே மாறிவிட்ட ஒன்றுக்காக நீங்கள் வாதாடிக்கொண்டிருப்பீர்கள். உதாரணத்துக்கு, எக்ஸிட் கால்பேக் முன்பு ஒரு எண்ணைத் திருப்பித் தர வேண்டியிருந்தது, 2024-ல் அது எதையும் திருப்பித் தராத வாய்டு ஃபங்ஷனாக மாற்றப்பட்டது.

அலகுகள்

என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சிபியுஃப்ரீக் கிலோஹெர்ட்ஸில் பேசும். க்ளாக்குகளைக் கையாளும் க்ளாக் ஃப்ரேம்வொர்க்கும், வேகம்-வோல்டேஜ் ஜோடிகளை வைத்திருக்கும் ஓபிபி லைப்ரரியும் ஹெர்ட்ஸில் பேசும். ஒரு வேகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற ஆகும் நேரமான ட்ரான்சிஷன் லேட்டன்சி நானோசெகண்டில் இருக்கும், அதற்குப் பக்கத்திலேயே இருக்கும், மாற்றங்களுக்கு இடையே விட வேண்டிய இடைவெளியான ட்ரான்சிஷன் டிலே மட்டும் மைக்ரோசெகண்டில். ஒரே ஸ்ட்ரக்சரில் இரண்டும் இருப்பதால் தவறுவது மிகவும் சுலபம். லேட்டன்சியில் மைக்ரோசெகண்ட் எண்ணைப் போட்டுவிட்டால் அது நிஜத்தைவிட 1000 மடங்கு சின்னதாகத் தெரியும், கவர்னரும் ஹார்டுவேரால் தாங்க முடியாத அளவுக்கு அடிக்கடி வேகத்தை மாற்றச் சொல்லிக்கொண்டே இருக்கும். பேட்ச்சில் எங்கெல்லாம் 1000 என்ற எண் வருகிறதோ, அங்கெல்லாம் நின்று எந்தத் திசையில் மாற்றுகிறார்கள் என்று பாருங்கள்.

அப்படிப்பட்ட ஒரு வரியைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஃப்ரீக்வென்சி டேபிளிலிருந்து எடுத்த எண்ணை 1000-ஆல் பெருக்கி க்ளாக் ரேட் செட் செய்யும் ஃபங்ஷனுக்குக் கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். டேபிளில் உள்ள ஃப்ரீக்வென்சி 32 பிட் அன்சைன்டு இன்ட். அதை வெறும் 1000-ஆல் பெருக்கினால் பெருக்கலும் 32 பிட்டிலேயே நடக்கும், வாங்கிக்கொள்ளும் ஃபங்ஷன் அன்சைன்டு லாங் கேட்டாலும் அதற்குள் காரியம் கெட்டுவிடும். 32 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 4,29,49,67,295. 4.2 கிகாஹெர்ட்ஸ் வரை ஒன்றும் ஆகாது. 4.3 கிகாஹெர்ட்ஸ் சிப் ஒன்று வந்தால் 43,00,000 கிலோஹெர்ட்ஸ் 4,30,00,00,000 ஹெர்ட்ஸாக மாறும்போது எல்லை தாண்டி, மீதி 50,32,704 மட்டும் நிற்கும். அதாவது உச்ச வேகம் கேட்ட இடத்தில் 5 மெகாஹெர்ட்ஸ் கேட்கப்படும். பல க்ளாக் ட்ரைவர்கள் இதற்கு எர்ரர்கூடத் தராது, தன்னால் முடிந்த பக்கத்து வேகத்துக்கு மாற்றிவிட்டுச் சும்மா இருக்கும், லோடு ஏறும்போது மட்டும் மெஷின் ஆமை வேகத்தில் நகரும். 64 பிட் மட்டும் என்றால் பெருக்கும் முன்பே அன்சைன்டு லாங்காக மாற்றச் சொல்லுங்கள். 32 பிட்டிலும் ஓட வேண்டிய ட்ரைவர் என்றால் அன்சைன்டு லாங்கே 32 பிட்தான் என்பதையும் நினைவூட்டுங்கள்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பிழை, இப்போதைய வேகத்தைச் சொல்லும் கெட் கால்பேக்கில் வரும். அது திருப்பித் தருவது அன்சைன்டு எண். தோற்றால் 0 தர வேண்டும். பழக்கதோஷத்தில் மைனஸ் எர்ரர் எண்ணைத் திருப்பித் தந்துவிடுவார்கள். மைனஸ் 19 என்பது 4,29,49,67,277 கிலோஹெர்ட்ஸ் என்ற பிரம்மாண்டமான வேகமாகத் தெரியும், கோரும் அதை நம்பிவிடும். 2025-ல்கூட சிபிபிசி என்ற ட்ரைவரின் கெட் கால்பேக்கில் இப்படிப்பட்ட பிழை ஒன்று திருத்தப்பட்டது. அதே ஆண்டில் ஆப்பிள் சிப், எஸ்சிஎம்ஐ, எஸ்சிபிஐ (பின் இரண்டும் ஃபர்ம்வேர் வழியாக வேகம் கேட்பவை) ட்ரைவர்களின் கெட் கால்பேக்கில், பாலிசி (ஒரே வேகத்தைப் பகிரும் கோர்களின் விவரம்) பாயின்டர் NULL-ஆக, அதாவது வெறுமையாக, வரலாம் என்பதைப் பார்க்காமல் உள்ளே போய் விழும் பிழையும் திருத்தப்பட்டது. எனவே கெட் கால்பேக்கைத் தொடும் பேட்ச் வந்தால் இந்த இரண்டையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள்.

தூங்கக் கூடாத இடம்

"ஃபாஸ்ட் ஸ்விட்ச் ஆதரவு சேர்க்கிறேன்" என்று ஒரு பேட்ச் வந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். சாதாரண வழியில் ஸ்கெட்யுடில் கவர்னர் வேகத்தை மாற்ற ஒரு தனி கர்னல் த்ரெட்டை எழுப்பும், அந்த த்ரெட் நிதானமாக ட்ரைவரைக் கூப்பிடும், அங்கே மியூடெக்ஸ் (காத்திருக்க வைக்கக்கூடிய லாக்) பிடிக்கலாம், ஐ2சி என்ற மெதுவான பஸ் வழியாக வோல்டேஜ் தரும் ரெகுலேட்டரோடு பேசலாம், காத்திருக்கலாம். ஃபாஸ்ட் ஸ்விட்ச்சில் அந்த த்ரெட் கிடையாது. ஸ்கெட்யூலர் தன் ரன்க்யூ (ஓடக் காத்திருக்கும் டாஸ்க்குகளின் வரிசை) லாக்கைப் பிடித்துக்கொண்டு, இன்டரப்டுகள் அணைந்திருக்கும் நிலையிலேயே நேராக ட்ரைவருக்குள் நுழையும். அங்கே தூங்கினால், அதாவது எதற்காவது காத்து நின்றால், மெஷின் அத்தோடு போச்சு.

அதனால் ஃபாஸ்ட் ஸ்விட்ச் கால்பேக்கிலிருந்து போகும் ஒவ்வொரு அழைப்பையும் அடிவரை பின்தொடர வேண்டும். க்ளாக் ரேட் செட் செய்யும் ஃபங்ஷன் உள்ளே மியூடெக்ஸ் பிடிக்கும், ஆகவே அதை இங்கே கூப்பிடவே கூடாது. மெமரி கேட்பதும், சாதாரண கொடியோடு (ஃப்ளாக்) கேட்டால் தூங்கக் கூடும். ஃபர்ம்வேருக்கு மெசேஜ் அனுப்பிப் பதிலுக்காகக் காத்திருப்பதும் கூடாது. குவால்காம் ஹார்டுவேர் ட்ரைவரில் ஒரு ரெஜிஸ்டரில் இன்டெக்ஸை எழுதினாலே வேலை முடிந்துவிடும், அதனால் அங்கே ஃபாஸ்ட் ஸ்விட்ச் இயல்பாகப் பொருந்துகிறது. எஸ்சிஎம்ஐ ட்ரைவர் இன்னும் கவனமாக நடந்துகொள்கிறது. ஃபர்ம்வேர் வேகமான வழி தருகிறதா என்று கேட்டுப் பார்த்து, தந்தால் மட்டுமே ஃபாஸ்ட் ஸ்விட்ச் முடியும் என்று சொல்கிறது. புதுப் பேட்ச் எழுதுபவருக்கு நல்ல முன்மாதிரியாக நான் இதைத்தான் காட்டுவேன்.

இதோடு ஒட்டி வரும் இன்னொரு கொடி உண்டு, எந்த சிபியுவிலிருந்தும் வேகத்தை மாற்றலாம் என்று சொல்வது. சில ப்ராசஸர்களில் வேக ரெஜிஸ்டர் அந்தந்த ப்ராசஸர் கோருக்குச் சொந்தம், எந்த கோரில் ஓடிக்கொண்டு எழுதுகிறீர்களோ அதன் ரெஜிஸ்டரில்தான் போய் விழும். அப்படிப்பட்ட ஹார்டுவேரில் இந்தக் கொடியை ஏற்றிவிட்டு, எந்த கோர் என்று குறிப்பிடாமல் எழுதினால், 3-வது கோருக்குக் கேட்ட வேகம் 0-வது கோருக்குப் போய்விடும். க்ராஷ் எதுவும் ஆகாது, பெர்ஃபார்மன்ஸ் எண்கள் மட்டும் காரணமே தெரியாமல் ஆடிக்கொண்டிருக்கும். பேட்ச் எழுதியவரிடம் ஹார்டுவேர் மேனுவலில் இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

ஃபாஸ்ட் ஸ்விட்ச் திருப்பித் தருவது உண்மையில் செட் ஆன வேகம், தோற்றால் 0. கேட்ட எண்ணை அப்படியே திருப்பித் தரும் பேட்ச்களைப் பார்க்கலாம். டேபிளில் இல்லாத ஒரு நடு எண்ணைக் கேட்டிருந்தால், பொய்யான வேகம் ஸ்கெட்யூலரின் கணக்கிலும் ஏறிவிடும். இப்போதைய வேகம் உச்சத்தில் எத்தனை பங்கு என்ற விகிதத்தை வைத்துத்தான் சில மெஷின்களில் ஒரு டாஸ்க் எவ்வளவு கனம் என்றே ஸ்கெட்யூலர் அளக்கிறது.

பாதியில் தோற்றால்

வேகம் ஏற்றும்போது முதலில் வோல்டேஜ், பிறகு க்ளாக். இறக்கும்போது முதலில் க்ளாக், பிறகு வோல்டேஜ். எந்தக் கணத்திலும் அந்த வேகத்துக்குத் தேவையான வோல்டேஜுக்குக் கீழே ப்ராசஸர் ஓடக் கூடாது, அவ்வளவுதான் விதி. இது எல்லோருக்கும் தெரியும், பேட்ச்களிலும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கோட்டை விடுவது எர்ரர் பாதையில். ஏற்றும்போது வோல்டேஜ் ஏறிவிட்டது, க்ளாக் மாறவில்லை, அப்படியானால் பழைய வோல்டேஜுக்குத் திரும்ப வேண்டும். அதைச் செய்யாமல் எர்ரரை மட்டும் திருப்பினால் ஆபத்து இல்லை, ஆனால் பேட்டரி வீணாகும். இறக்கும்போது க்ளாக் மாறாமல் தோற்றிருக்க, அதைக் கவனிக்காமல் வோல்டேஜை இறக்கினால்தான் மெஷின் தொங்கும். க்ளாக் அழைப்பின் ரிட்டர்ன் வேல்யூவைப் பார்க்காமல் அடுத்த வரிக்குப் போகும் பேட்ச்சுக்கு ஒருபோதும் சம்மதம் தராதீர்கள்.

இந்த வரிசையையெல்லாம் ஓபிபி லைப்ரரியில் ரேட் செட் செய்யும் ஃபங்ஷன் ஏற்கெனவே சரியாகச் செய்கிறது. ஒரு புது ட்ரைவர் இதைக் கையால் எழுதியிருந்தால், லைப்ரரியை ஏன் பயன்படுத்தவில்லை என்று முதலில் கேளுங்கள். நியாயமான காரணம் இருக்கலாம், இடையில் பிஎல்எல் என்ற வேறொரு க்ளாக் மூலத்துக்குத் தாவ வேண்டிய ஹார்டுவேர்கள் உண்டு. காரணம் இருந்தால் அது கமிட் மெசேஜில் இருக்க வேண்டும்.

தொடக்கத்தில் ஓடும் இனிட் கால்பேக்கின் எர்ரர் பாதையில் ஒரு நுணுக்கம் உண்டு. இனிட் தோற்றால் கோர் எக்ஸிட்டைக் கூப்பிடாது, எடுத்ததையெல்லாம் இனிட்டே திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். இனிட் ஜெயித்து, அதற்குப் பிறகு கோரில் வேறு ஏதாவது தோற்றால் எக்ஸிட் கூப்பிடப்படும். ஆகவே இனிட்டில் புதிதாக ஒரு க்ளாக், மெமரி, டிவைஸ் ட்ரீ (போர்டின் ஹார்டுவேர் விவரப் பட்டியல்) நோடு என எது எடுக்கப்பட்டாலும் இரண்டு இடத்தில் அதை விடுகிறார்களா என்று விரல் வைத்துப் பாருங்கள். பாலிசியை வாங்கிவிட்டுத் திருப்பி வைக்காமல் நடுவில் ரிட்டர்ன் ஆகும் ஃபங்ஷன்களும் இதே கணக்கு.

பாலிசிக்குள் யார் யார்

ஒரே க்ளாக்கைப் பகிர்ந்துகொள்ளும் கோர்கள் எல்லாம் ஒரே பாலிசிக்குள் வர வேண்டும். அந்தப் பட்டியலை நிரப்புவது ட்ரைவரின் இனிட். நிரப்ப மறந்தால் ஒவ்வொரு கோருக்கும் தனித்தனி பாலிசி உருவாகி, ஒரே க்ளாக்கை நான்கு பேர் நான்கு பக்கம் இழுப்பார்கள், கடைசியாக எழுதியவர் ஜெயிப்பார். ஆஃப்லைனில் இருக்கும் கோர்களையும் சேர்த்தே பட்டியல் போடுகிறார்களா என்று பாருங்கள். மெஷின் பூட் ஆகும்போது ஆஃப்லைனில் இருந்த கோர் பிறகு வரும்போதுதான் இந்த ஓட்டை தெரியும்.

மேல் எல்லையை ட்ரைவரே பாலிசியில் நேரடியாக எழுதி மாற்றும் பேட்ச்களும் வரும், பெரும்பாலும் சூட்டைக் கட்டுப்படுத்துகிறேன் என்ற பெயரில். கூடாது. யூசர், தெர்மல், ஃபர்ம்வேர் என்று பலரும் எல்லை கேட்பதால், அதற்கென்று ஃப்ரீக்வென்சி கியூஓஎஸ் கோரிக்கை என்ற வழி இருக்கிறது, அந்த வழியாக வரச் சொல்லுங்கள்.

ஆர்ம் பக்கம் புது ட்ரைவர் வந்தால் இதையும் மறக்காமல் பாருங்கள். கர்னலில் ஒரே நேரத்தில் ஒரு சிபியுஃப்ரீக் ட்ரைவர்தான் பதிவாக முடியும், இரண்டாவதாக வருபவருக்கு "ஏற்கெனவே இருக்கிறது" என்ற எர்ரர்தான் கிடைக்கும். டிவைஸ் ட்ரீயில் ஓபிபி வெர்ஷன் 2 டேபிள் இருந்தால், பொதுவான சிபியுஃப்ரீக் டிடி ட்ரைவருக்கான டிவைஸ் தானாகவே உருவாகிவிடும், ப்ளாக்லிஸ்ட்டில் அந்தச் சிப்பின் பெயர் இருந்தால் ஒழிய. புது ட்ரைவரைச் சேர்த்துவிட்டு ப்ளாக்லிஸ்ட்டைத் தொடாவிட்டால், யார் முதலில் ப்ரோப் ஆகிறார்களோ (ஹார்டுவேரோடு இணைகிறார்களோ) அவர் ஜெயிப்பார். எழுதியவரின் போர்டில் அவருடைய ட்ரைவரே ஜெயித்திருக்கும், இன்னொருவர் மாட்யூலாகக் கம்பைல் செய்தால் தோற்கும். டிஃப்பில் இல்லாத ஒரு வரிதான் இங்கே பிழை என்பதால் யார் கண்ணிலும் படாது.

டிவைஸ் ட்ரீயில் என்ன எழுதலாம் என்று சொல்லும் பைண்டிங் டாக்குமென்ட்டில் மாற்றம் இருந்தால் அது தனிப் பேட்ச்சாக வர வேண்டும், டிவைஸ் ட்ரீ மெயின்டெயினர்கள் பார்க்கட்டும். ஸ்டைல் விஷயங்களைச் செக்பேட்ச் ஸ்க்ரிப்ட் சொல்லிவிடும், அதில் உங்கள் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

ஓட்டிப் பார்ப்பது

ஹார்டுவேர் கையில் இருந்தால் லாக்டெப், அட்டாமிக் ஸ்லீப் செக், கேஸன் என்ற பிழை தேடும் வசதிகள் மூன்றையும் ஏற்றிக் கம்பைல் செய்யுங்கள், ஃபாஸ்ட் ஸ்விட்ச்சில் தூங்கும் பிழை முதல் சில நிமிடங்களிலேயே கர்னலின் செய்திப் பதிவில் வந்து நிற்கும். கர்னல் மரத்திலேயே செல்ஃப்டெஸ்ட் ஃபோல்டரில் சிபியுஃப்ரீக்குக்கு என்று ஸ்க்ரிப்டுகள் இருக்கின்றன, கவர்னர் மாற்றுவது, கோர்களை ஆஃப்லைன் ஆன்லைன் ஆக்குவது, சஸ்பெண்ட் என எல்லாம் செய்து பார்க்கும்.

வேகம் நிஜமாகவே மாறுகிறதா என்று பார்க்க, கர்னல் விவரங்களைக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் தெரியும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பல ட்ரைவர்களில் அது கடைசியாகக் கேட்ட வேகம் மட்டுமே, ஹார்டுவேர் கேட்டதைச் செய்ததா என்பது அதில் வராது. யூசர்ஸ்பேஸ் கவர்னரை வைத்து ஒரு வேகத்தில் நிறுத்தி, ஒரே கோரில் கட்டிப்போட்ட பிஸி லூப்பைப் பெர்ஃப் ஸ்டாட் கருவியில் ஓட்டி, ஒரு செகண்டுக்கு எத்தனை சைக்கிள் என்று எண்ணுங்கள். 12,00,000 கிலோஹெர்ட்ஸ் என்று சொல்லும் இடத்தில் செகண்டுக்கு ஏறக்குறைய 120 கோடி சைக்கிள் வர வேண்டும். டேபிளில் உள்ள ஒவ்வொரு வேகத்துக்கும் இதைச் செய்யுங்கள், முக்கியமாக மேல் முனையிலும் பூஸ்ட் வேகங்களிலும்.

பதில் எழுதும்போது

எந்த வரியைப் பற்றிப் பேசுகிறீர்களோ அதற்குக் கீழேயே எழுதுங்கள். "இது தப்பு" என்று நிறுத்தாமல், எந்த சூழ்நிலையில் என்ன உடையும் என்று சொல்லுங்கள். "ஸ்கெட்யுடில் ஓடும்போது இந்த அழைப்பு ரன்க்யூ லாக்குக்குள் வரும், இந்த ஃபங்ஷன் மியூடெக்ஸ் பிடிக்கும்" என்று இரண்டு வரி எழுதினால் அவர் உடனே புரிந்துகொள்வார், அடுத்த பேட்ச்சில் தானே கவனித்தும் கொள்வார். முதன்முறையாகப் பேட்ச் அனுப்புபவர் என்றால் இன்னும் கொஞ்சம் பொறுமையாக விளக்குங்கள். இந்த ட்ரைவர்களில் பலவற்றுக்கு அந்த ஹார்டுவேர் தெரிந்தவர்கள் ஓரிருவர்தான் இருப்பார்கள், அவர்களை விரட்டிவிட்டால் அந்த ட்ரைவர் அநாதையாகிவிடும்.

பிழை திருத்தும் பேட்ச் என்றால், பிழை எந்தக் கமிட்டில் வந்தது என்று சொல்லும் ஃபிக்ஸஸ் வரி இருக்கிறதா, அதில் கமிட் ஐடியின் முதல் 12 எழுத்தும் தலைப்பும் சரியா, பிழை உண்மையில் அந்தக் கமிட்டில்தான் வந்ததா என்று பார்த்துவிடுங்கள். ஸ்டேபிள் கர்னல்களுக்குப் போக வேண்டியது என்றால் அதையும் கேளுங்கள். முழுக்கப் படித்து, கேட்ட கேள்விகளுக்குப் பதில் வந்து, உங்களுக்குத் திருப்தி என்றால் மட்டும் ரிவ்யூட்-பை கொடுங்கள். ஓட்டிப் பார்த்திருந்தால் எந்த போர்டு, எந்தக் கவர்னர் என்று சொல்லி டெஸ்டட்-பை கொடுங்கள். ஒரு பகுதியை மட்டும் பார்த்தேன் என்றால் அப்படியே வெளிப்படையாக எழுதுங்கள், மெயின்டெயினருக்கு அதுவும் உபயோகமான தகவல்தான்.

இரண்டாவது வெர்ஷன் வந்ததும் முழுவதையும் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை. கிட் ரேஞ்ச்-டிஃப்பில் இரண்டு வெர்ஷனையும் ஒப்பிட்டு, நீங்கள் கேட்டது மாறியிருக்கிறதா என்று பாருங்கள், கூடவே நீங்கள் கேட்காத எதுவும் சத்தமில்லாமல் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி மாறியிருந்தால் முன்பு கொடுத்த ரிவ்யூட்-பை அந்தப் பேட்ச்சுக்குச் செல்லாது என்று சொல்லிவிட்டு, மாறிய ஃபங்ஷனை மறுபடி கோர் ஃபைலோடு வைத்துப் படியுங்கள்.